இரும்புக்கல்லின் சத்தம்

நீங்கள் இவ்வளவு சத்தமாகப் பேச வேண்டியதில்லை, சார்ஜன்ட். எனக்கு நன்றாகவே கேட்கிறது. நேற்று சொன்னதையே இன்று பதிவுக்காக மறுபடி சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன்.

டென்சில் ட்ரெவரோ, வயது அறுபத்தெட்டு. லியோனோராவுக்கு வடக்கே முல்கா மரங்களுக்கு நடுவில் கேரவனைப் போட்டுக்கொண்டு பத்தொன்பது வருஷமாகத் தங்கம் தேடுகிறேன். அந்தச் செம்மண்ணில் பாதி இரும்பு. உலோகம் தேடுகிற டிடெக்டரைத் தரையில் காட்டினால் போதும், மண்ணும் கத்தும், கல்லும் கத்தும். புதிதாக வருகிறவர்கள் கத்துகிற இடத்தையெல்லாம் தோண்டி, வாளி வாளியாகக் கறுப்பு இரும்புக்கல்லை எடுத்துவிட்டு மூன்றாம் நாளே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த இரைச்சலுக்கு அடியில் தங்கம் மெல்ல முனகும். அதைத் தனியாகப் பிரித்துக் கேட்கத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியும்.

வெய்ன் டூகல் ஏப்ரலில் வந்தான். நாற்பது வயது, பெர்த்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். மனைவி கோரலியும் கூட வந்தாள். என் கேரவனுக்கு அரை மைல் தள்ளிக் கூடாரம் போட்டார்கள். கையில் அனுமதிச் சீட்டு வைத்திருந்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரு நாள் என் கேரவன் படிக்கட்டிலிருந்து பத்தடி தூரத்தில் தோண்டி, கட்டைவிரல் பருமனுக்கு ஒரு தங்கக் கட்டியை எடுத்தான். சனிக்கிழமை அதை மதுக்கடை மேசையில் எல்லாரும் பார்க்க வைத்தான்.

"பத்தொன்பது வருஷமா நம்ம பெருசு இதுக்கு மேல நின்னுதான் ஒண்ணுக்குப் போயிருக்கான்," என்றான். "என்ன டென்சில், மிஷின் பழசா, காது பழசா?"

எல்லாரும் சிரித்தார்கள். பீர் ஊற்றுகிற பெண் என் காதருகே குனிந்து, "இன்னொண்ணு வேணுமாஆஆ?" என்று கத்தினாள். அன்றிலிருந்து நான் செவிட்டு டென்சில். நான் பீரை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கோபித்துக்கொண்டு போனதாக யாரும் சொல்ல முடியாது.

தெற்குச் சரிவில் பழைய சுரங்கக் குழி ஒன்று உண்டு. என் தாத்தா காலத்தில் தோண்டிக் கைவிட்டது. இருபத்தைந்து அடி ஆழம். சுற்றிலும் கம்பி வேலியும் எச்சரிக்கைத் தகரமும் இருந்தன. பக்கத்தில் இரும்பு இருந்தால் டிடெக்டர் குழம்பும், தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் செவ்வாய்க்கிழமை அவற்றைக் கழற்றினேன். குழியின் வாயைக் காய்ந்த கிளைகள் போட்டு மூடினேன். புதன்கிழமை வெய்னிடம், தெற்குச் சரிவை நான் இன்னும் சரியாகத் தேடவில்லை என்றேன்.

"அட, ஒத்துக்கிட்டியே பெருசு!" என்று முதுகில் தட்டினான்.

வியாழக்கிழமை காலை வந்தான். ஹெட்ஃபோன் காதில், கண் தரையில். நான் முப்பது தப்படி தள்ளி நின்றேன். கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். ஹெட்ஃபோன் போட்டவனுக்குக் கேட்டிருக்காது.

விழுந்ததும் அலறினான். அது ஓய்ந்ததும் நான் என் ஹெட்ஃபோனைக் கழற்றி, சத்தம் வெளியே வருகிற மாதிரி வைத்துக்கொண்டு, குழியைச் சுற்றி வேலையைத் தொடர்ந்தேன். அது அவனுக்குக் கேட்டிருக்கிறது.

"டென்சில்! நீதானே? உன் மிஷின் சத்தம் கேக்குது. கயிறு எடுத்துட்டு வாய்யா, கால் போச்சு."

நான் மிஷினை ஆட்டிக்கொண்டே அடுத்த சுற்றுக்குப் போனேன்.

"நான் பேசினது தப்புதான். குடிச்சிருந்தேன். கோரலி கல்கூர்லியில அவ அக்கா வீட்ல இருக்கா. அவளுக்காவது ஒரு போன் போடு."

மதியம் இருக்கும். திடீரென்று குரல் மாறியது.

"நில்லு! இப்ப தாண்டினியே, அந்த இடம். மறுபடி ஆட்டு. போறப்பவும் வர்றப்பவும் சத்தம் ஒரே மாதிரி வருது பாரு, அது கல்லு இல்ல. தங்கம்யா! தோண்டு, நீயே வச்சுக்க. தோண்டிட்டு என்னை மேல ஏத்து."

குழியிலிருந்து நாலடி. மறுபடி ஆட்டினேன். இரும்புக்கல். தோண்டவில்லை. கால் முறிந்து கிடக்கும்போதும் எனக்குப் பாடம் நடத்துகிறான். அதுவரை என் வண்டியிலிருந்த கயிற்றைப் பற்றி யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குப் பிறகு யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமையும் போனேன். தண்ணீர் கேட்டான். சனிக்கிழமை காலையில் மூச்சு மட்டும் வந்தது. இருபத்தைந்து அடிக்குக் கீழே ஒரு மூச்சு. மேலே நின்றபடி அதையும் கேட்டேன். என் வயதில் எத்தனை பேருக்கு அது முடியும்?

அன்று மதியம் கோரலி திரும்பினாள். அழுதுகொண்டே என் கேரவனுக்கு ஓடி வந்து, கையை வாயருகே குவித்து, குழந்தையிடம் கேட்பது போல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்: "வெய்ன்... சத்தம்... ஏதாவது... கேட்டுச்சா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பாவம், உங்களுக்கு எங்க கேக்கப் போகுது," என்று தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை தேடிப் போனவர்கள் அவனை வெளியே எடுத்தார்கள்.

விபத்து என்று முடித்துவிட்டீர்கள். எனக்கும் அந்த அறிக்கையின் நகல் வந்தது. 'அருகில் வசிப்பவர் காது கேளாத முதியவர். அலறல் அவரை எட்டியிருக்க வாய்ப்பில்லை.' மூன்று முறை படித்தேன். அதைத் திருத்தத்தான் இத்தனை தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காது கேளாதவர் என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

நேற்று நான் காட்டிய இடத்தை, குழியிலிருந்து நாலடியில், உங்கள் ஆட்கள் தோண்டியதாகச் சொல்லி, இதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். தங்கம்தான், மறுக்கவில்லை. விழும்போது அவன் பையிலிருந்து சிதறியிருக்கும். முழங்கால் ஆழத்தில், கடப்பாரை படாத மண்ணில் இருந்தது என்கிறீர்கள். இருக்கட்டும். அந்த இடத்தில் நான் ஏழு முறை ஆட்டிக் கேட்டேன். அங்கே இருந்தது இரும்புக்கல். அப்படியே எழுதுங்கள்.