தண்ணீருக்குள் இறங்கிய மகாதேவி

ஓடுகிறேன். டிசம்பர் 1971. தூத்துக்குடி. பொழுது அடங்குகிற நேரம். மில் சங்கு விட்டு விட்டு ஊதுகிறது. வேலைக்குக் கூப்பிடுகிற சங்கு அல்ல. பாகிஸ்தானோடு சண்டை. விமானம் வந்தால் இப்படி ஊதுவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

"ஏளா, வெளக்க அணை! எல்லாரும் வெளக்க அணைங்க!"

தெரு இருண்டது. எனக்கு முன்னால் அவள் ஓடுகிறாள். தோளில் பக்கத்து வீட்டு ரோசலி. சின்னப் பிள்ளை. வீரிடுகிறது. பின்னால் அதன் தாய் பிலோமினா.

"பர்மாக்காரி எம் பிள்ளையத் தூக்கிட்டு ஓடுதா! பிடிங்க!"

ஓடுகிறவள் யார் என்று அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் நாத்தி லூர்து என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் லூர்து இல்லை. பெயர் நாங் லாவ். பர்மாவில், ஷான் மலையில், ஒரு சின்ன அரசின் மகாதேவி. அரசரின் மனைவியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

என் புருஷன் செபஸ்தியான் அந்த அரண்மனையில் கார் ஓட்டினார். நான் சமையல்கட்டில் இருந்தேன். அடுத்த மலையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். சபையில் அரசருக்கு ஒரு படி கீழே உட்காருவாள். தண்ணீர்த் திருவிழா வந்தால் ஊர்க் கிழவிகளுக்குத் தன் கையால் தலை கழுவி விடுவாள். 1959ல் மலை அரசுகள் எல்லாம் எடுபட்டன. 1962ல் ராணுவம் நாட்டைப் பிடித்தது. அரசரை ஜீப்பில் ஏற்றினார்கள். அவள் வாசல்வரை ஓடி அவருடைய கம்பளிச் சட்டையை நீட்டினாள். சிப்பாய் வாங்கவில்லை. அதற்குப் பிறகு தகவல் இல்லை.

அவளையும் காம் என்ற அவள் மகளையும் ஒரு மலைக்கிராமத்தில் ஒளித்து வைத்தோம். அங்கேயும் ராணுவ விமானம் வந்து குண்டு போட்டது. முதலில் விசில். அப்புறம் இடி. நானும் அவளும் ஓடைக்குள் குதித்தோம். கழுத்தளவு தண்ணீர். செபஸ்தியான் காமைத் தூக்கிக்கொண்டு கரையில் ஓடி வருகிறார். பின்னால் அவர் தங்கை லூர்து. மறுபடியும் விசில். புகை விலகியபோது கரையில் யாரும் இல்லை. தண்ணீரில் இறங்கியவர்கள் பிழைத்தோம்.

1964ல் பர்மாவிலிருந்து இந்தியர்களைத் திருப்பி அனுப்பினார்கள். செத்த லூர்துவின் காகிதத்தில் மகாதேவியை என்னோடு கப்பலேற்றினேன். இங்கே உப்பளத்தில் வேலை. அவள் உப்பு சுமந்தாள். பாதம் வெடித்து உப்பு ஏறியது. தெருவில் நான் அவளை ஏளா என்றுதான் கூப்பிட வேண்டும். வாய் கூசும். வீட்டுக்குள் மகாதேவி என்றால் கையால் என் வாயைப் பொத்துவாள்.

இப்போது கடல். அவள் நிற்கவில்லை. முழங்கால். இடுப்பு. மார்பு. ரோசலியைக் கழுத்துவரை தண்ணீரில் அமுக்கிப் பிடித்து, மேலே தன் உடம்பைக் கவிக்கிறாள். அலை பிள்ளையின் தலைக்கு மேலே போகிறது.

"கொல்லுதாளே! எம் பிள்ளையக் கொல்லுதாளே!"

எட்டிப் பிடித்தேன். கத்தினேன். "மகாதேவி, விடுங்க! இது காம் இல்ல! குண்டு விழல!"

அவள் கையை விரல் விரலாகப் பிரித்தேன். ரோசலி இருமியது. தண்ணீரைக் கக்கியது. அழுதது. உயிர் இருந்தது.

பிலோமினா அவளை முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள். ஊர் கூடி அடித்தது. காப்பாத்தத்தான் தூக்கினா என்று கத்திப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. அவள் கை தூக்கித் தடுக்கவில்லை. வானத்தையே பார்த்துக் கிடந்தாள். சங்கு ஓய்ந்தது. விமானம் வரவில்லை. சோதனைக்கு ஊதினார்களாம்.

அதன்பின் அவள் சாப்பிடவில்லை. ஊட்டிய கஞ்சி கடைவாயில் வழிந்தது. சண்டை முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று ரேடியோ சொன்னது. தெருவில் வெடி போட்டார்கள். முதல் வெடிக்கே கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். வெளியே வரவில்லை. அங்கேயே செத்தாள்.

சிலுவையில் லூர்து என்று எழுதினார்கள். மாற்றிச் சொன்னால், கிறிஸ்தவள் இல்லை என்று கல்லறைத் தோட்டத்தில் குழி கிடைக்காது.

போனவர்களைச் சொல்லி வைக்கிறேன். அரசர். எங்கே, எப்படி என்று தெரியாது. காம். செபஸ்தியான். லூர்து. மூன்று பேரும் ஒரே குண்டில். நாங் லாவ். கட்டிலுக்கு அடியில்.

ஆள் ஐந்து. சிலுவை ஒன்று. அதிலும் பெயர் தப்பு.