ஹென்றி வண்டிக்கு என்ன கோளாறு

ஓடும்போது ஒழுங்காக இருந்துவிட்டு, நிற்கும்போது மட்டும் சூடாகிற காருக்குக் கோளாறு கண்டுபிடிப்பது எங்கள் தொழிலிலேயே சுலபமான வேலை, சார். வண்டி ஓடினால் எதிர்காற்று ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நின்றுவிட்டால் காற்று கிடையாது. ஃபேன் சுற்றித்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். நின்றால் சூடேறுகிறது என்றால் முதலில் ஃபேனைத்தான் பார்க்க வேண்டும். ஏசியைப் போட்டுவிட்டு முன்பக்கம் குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். இதுகூட எனக்குத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் முதலிலேயே சொல்கிறேன்.

முள்ளக்காட்டில், திருச்செந்தூர் ரோட்டு மேலேயே என் ஷெட். இந்தக் கரையில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெண் பார்க்கக் கூட்டிப் போகிற மாதிரி என்னைக் கூட்டிப் போவார்கள். காயல்பட்டணத்திலிருந்து துபாய்க்காரர்கள் லீவில் வந்தால் முதல் போன் எனக்குத்தான். நான் பானட்டைத் திறந்து, இன்ஜின் மேல் கையை வைத்துப் பார்ப்பேன். பிறகு ஒரே வார்த்தை சொல்வேன். ஞானையா அண்ணாச்சி சொன்னால் சொன்னதுதான் என்று பேர். கையெல்லாம் வெந்து வெந்து வாங்கிய பேர் அது.

ஹென்றி மணப்பாட்டுக்காரன். கப்பலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் வைத்து, ஊரோடு வந்துவிட்டான். ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவன் மனைவி விஜிலாதான் வண்டி ஓட்டுவாள். வீட்டில் தையல் மெஷின் போட்டுத் தொழில் செய்கிறவள். ஆறுமுகநேரி ரயில்வே கேட்டில் நின்றால் மீட்டரில் சூட்டு முள் ஏறுகிறது, கேட்டைத் திறந்து வண்டி கிளம்பியதும் இறங்கிவிடுகிறது என்று ஒருநாள் இரண்டு பேருமாக வந்தார்கள்.

அன்றைக்கு ஷெட்டில் கூட்டம். எதிர்க் கடையில் டீ போடுகிற சுடலைக்கண்ணு, உப்பு லாரி டிரைவர்கள், வண்டி காட்ட வந்த காயல்பட்டணத்துப் பையன்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் வழக்கம்போலக் கையை வைத்தேன். தண்ணீர் குறைகிறதா என்று கேட்டேன். குறைகிறது என்றாள். ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, இன்ஜினைத் திறக்க வேண்டும் என்று சொன்னேன். இன்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற தகடுதான் கேஸ்கெட். அது போனாலும் தண்ணீர் குறையும். ஆகவே நான் சொன்னதில் தப்பில்லை.

சொல்லி முடித்த பிறகுதான் என் கண் ஃபேன் மேல் போனது. இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்க, அது அசையாமல் இருந்தது.

அந்த இடத்தில் வேறொருவன் என்றால் சிரித்துக்கொண்டே, ஃபேனையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம் என்று சொல்லியிருப்பான். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. நான் பானட்டை மூடினேன். மாதா கோயில் திருவிழா முடியட்டும் அண்ணாச்சி, பிறகு கொண்டுவருகிறோம் என்று ஹென்றி சொல்லிவிட்டுப் போனான்.

திருவிழா முடிந்து வந்தார்கள், கையில் ஒரு மக்ரூன் பொட்டலத்தோடு. விஜிலா சிரித்த முகமாக இருந்தாள். கூட்டம் அன்றைக்கும் குறைவில்லை.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. தையல் மெஷின் நின்னுபோனா மொதல்ல கரண்டு வருதான்னுதான பாப்போம். அப்படித்தான் பாத்தேன். ஃபேனுக்குக் கரண்டே வரல. ஹார்ன் ரிலேயக் கழத்தி அங்கன மாட்டுனேன், ஃபேன் சுத்திட்டு. பொறவு புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுட்டேன். உப்புக் காத்துல பழசு அரிச்சுப் போயிருக்கு, வேற ஒண்ணுமில்ல."

ரிலே என்பது தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, சார். ஃபேனுக்குக் கரண்ட் விடுவதும் நிறுத்துவதும் அதன் வேலை. அவள் சொன்னது முழுக்கச் சரி. என்னைக் குத்திக்காட்டவும் இல்லை. இனிப்பைக் கொடுத்து, நல்லவேளை இன்ஜினைத் திறக்காமல் விட்டீர்கள் என்று நன்றிகூடச் சொன்னாள். அவள் கேலி செய்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிச் சிரித்திருப்பேன். அந்த நன்றியைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வயிறு எரிந்தது. இப்போதும் மறைக்காமல் சொல்கிறேன்.

கேலிக்கு மற்றவர்கள் இருந்தார்கள். டீ ஆறிப்போனால் கேஸ்கெட் போயிருக்கும் என்பான் சுடலைக்கண்ணு. ஒரு டிரைவருக்கு இருமல் வந்தால் அண்ணாச்சியிடம் நெஞ்சைக் காட்டு, தலையைத் திறந்து பார்த்துவிடுவார் என்பார்கள். காயல்பட்டணத்துப் பையன்கள் வேறு ஷெட்டுக்குப் போய்விட்டார்கள். என் மானம் கப்பலேறிவிட்டது. நான் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. டீ குடிப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

பிறகு பிரேக் மாற்ற அந்த வண்டி என்னிடமே வந்தது. வேறு எங்கும் போக மனசில்லை அண்ணாச்சி என்றாள் விஜிலா. ஊரில் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகிறது, ஹென்றிக்கு எப்போது வலி வரும் என்று தெரியாது, எந்நேரமும் இந்த வண்டியை நம்பித்தான் இருக்கிறேன், நன்றாகப் பார்த்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் போனாள். நான் நன்றாகவே பார்த்தேன். பிரேக் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

ரிலேயைப் பற்றிக் கேட்கிறீர்கள். என் மேசை டிராயரில் நீங்கள் எடுத்தது அவள் வாங்கிப் போட்டதுதான். அதைக் கழற்றிவிட்டு, பித்தளைக் கால்களெல்லாம் பச்சை பூத்த செத்த ரிலே ஒன்றை அங்கே மாட்டினேன். கெட்ட எண்ணத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். ஒரு இன்ஜினின் கேஸ்கெட் நல்ல நிலையில் இருந்தால் கொஞ்சம் சூட்டைத் தாங்கும். தாங்காவிட்டால் அது ஏற்கெனவே பலவீனமாக இருந்தது என்றுதானே அர்த்தம். நெஞ்சுவலிக்காரனை டாக்டர் மெஷின் மேல் ஓட வைத்துப் பார்ப்பதில்லையா? சோதனை என்றால் அப்படித்தான். மணப்பாட்டுக்குள்ளே வண்டி எங்கே நிற்கப் போகிறது? எப்போதாவது ஒரு கேட்டில் நிற்கும், சூடாகும், கேஸ்கெட் உண்மையைச் சொல்லும், அவர்கள் என்னிடம் வருவார்கள். என் கணக்கு அவ்வளவுதான். அதில் ஹென்றியின் நெஞ்சுவலி சேரவே இல்லை.

அது நடந்தது ஒரு காலை நேரம். ஹென்றியைப் பின்சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு விஜிலா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வந்திருக்கிறாள். என் ஷெட்டைத் தாண்டித்தான் போயிருக்கிறாள். முத்தையாபுரத்தில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்து நின்றன. அங்கே மாட்டிக்கொண்டு எனக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, அவுகளுக்கு நெஞ்சு வலி, பின்னால படுத்திருக்காக. லாரி நகர மாட்டேங்கு. முள்ளு மேல ஏறிட்டே போவுது. வண்டிய ஆஃப் பண்ணட்டுமா?"

பைக்கை எடுத்தால் நான் போய்ச் சேர்ந்திருக்கலாம். அவளுடைய நல்ல ரிலே டிராயரில் இருந்தது. மாட்டுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதுவும் வேண்டாம், ஆஃப் பண்ணிவிட்டு ஏதாவது ஆட்டோவில் ஏற்று என்றாவது சொல்லியிருக்கலாம். இதையெல்லாம் நீங்கள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. அந்த நேரத்திலேயே எல்லாம் தோன்றியது. எதிரே சுடலைக்கண்ணு யாருக்கோ டீ ஆற்றிக்கொண்டிருந்தான், அவனும் கூட இருந்தவர்களும் எதற்கோ சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் என்று நினைத்தேன். இல்லாமலும் இருக்கலாம்.

"ஆஃப் பண்ணாதம்மா. ஆஃப் பண்ணுனா திரும்ப ஸ்டார்ட் ஆவாது. ஓடட்டும்."

சரி அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். நான் சொன்னதைத் தொழில் தெரிந்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள். அவ்வளவு சூடான இன்ஜினை நிறுத்தினால் திரும்பக் கிளம்புவது கஷ்டம்தான். பொய்யான ஒரு வார்த்தைகூட நான் அவளிடம் சொல்லவில்லை.

அவள் ஓட விட்டாள். இன்ஜின் புகைந்து அப்படியே இறுகி நின்றது. அதுவரை, இதோ நகர்ந்துவிடும் என்று வண்டிக்குள்ளேயே காத்திருந்திருக்கிறாள். பிறகுதான் லாரி டிரைவர்கள் ஹென்றியைத் தூக்கி ஒரு லோடு ஆட்டோவில் போட்டார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அடக்கம் முடிந்ததும் அவள் நேராக வண்டியிடம் போய் ரிலே பெட்டியைத் திறந்திருக்கிறாள். அங்கே இருந்தது அவள் வாங்கியது இல்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு மெக்கானிக் மூளை, சார். அதை நான் ஒருபோதும் மறுக்க மாட்டேன்.

ரிலேயை மாற்றியது நான். அணைக்காதே என்று சொன்னதும் நான். பின்சீட்டில் ஆள் இருக்கிறான் என்று தெரிந்தேதான் சொன்னேன். இதற்கு மேல் யாரையும் அடைத்துவைத்து விசாரிக்க வேண்டாம். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஹென்றி நல்ல பையன். எனக்கு வருத்தம் இருக்கிறது.

ஆனால் நீங்கள் கூட்டிவந்த மெக்கானிக் நேற்று இன்ஜினைத் திறந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். ஹெட் கேஸ்கெட் ஒரு ஓரம் முழுக்கக் கருகிப் பிய்ந்து கிடந்தது. அவரே வாய்விட்டுச் சொன்னார், நீங்களும் கேட்டீர்கள். அதையும் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். சுடலைக்கண்ணுவுக்கு நான் சொல்லி அனுப்பிவிட்டேன். விஜிலா என் முகத்தில் விழிக்க மாட்டாள், அதனால் நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கே என் பேச்சைக் கேட்டு இன்ஜினைத் திறக்க விட்டிருந்தால், அவள் புருஷன் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.