தோளில் நாலு கோடு

ஹலோ... ஹலோ, கப்பல் காலேஜ் ஆபீஸுங்களா? ... ஆமா, ஆமா, காலையில கூப்பிட்ட அதே ஆள்தான். மெரைன் இன்ஜினியரிங் டெக்னாலஜியில சீட் கெடச்ச பொண்ணோட அப்பா...

சந்தேகமெல்லாம் இல்லங்க. ஒரு சின்ன திருத்தம். இன்ஜின் வேணாம், கேப்டன் கோர்ஸுக்கு மாத்திடுங்க... ஏன்னா? தெரு பூரா கேப்டன்னு சொல்லிட்டேங்க. பல் டாக்டர்கிட்டகூட, வாயைத் திறந்து வச்சுக்கிட்டே சொல்லியாச்சு...

கண்ணாடியா? ... போட்டிருக்கா. பவர் கொஞ்சம் ஜாஸ்திதான்... ஓஹோ, அந்தக் கோர்ஸுக்குக் கண்ணாடி கூடாதா. சரி, டெஸ்ட் அன்னிக்குக் கழட்டிட்டு வரச் சொல்றேன்... கோவிச்சுக்காதீங்க. கப்பல் போய் முட்டிக்கும்தான். புரியுது, புரியுது.

ஆனா இன்ஜின்னா கப்பலோட கீழ்த்தளமாச்சே. சூடு, கிரீஸு... அதெல்லாம் அவளுக்குப் புடிக்கும், அதானே பிரச்சினை. வீட்டு மிக்ஸியிலேர்ந்து மாடி வீட்டு மோட்டார் வரைக்கும் பிரிச்சுப் போட்டவ. மெக்கானிக்கல் டிப்ளமா வேற... ஆங்? டிப்ளமா இருந்தா நேரா ரெண்டாம் வருஷமா? ... அப்புறம் கப்பல்ல பயிற்சி, பரீட்சை, அப்புறம் நாலாவது இன்ஜினியர்... நாலாவதா? மத்த மூணு பேர் யாருன்னு சொந்தக்காரங்க கேப்பாங்களே... ஓ, ஏறிக்கிட்டே போறதா. கடைசியில சீஃப்.

யூனிஃபார்ம் தோள்ல எத்தனை கோடுங்க? ... சீஃப் இன்ஜினியருக்கு நாலா? கேப்டனுக்கு? ... இருங்க இருங்க. அவருக்கும் நாலுதானா? ... அவரு உத்தரவு போடுவாரு, இவ இன்ஜினை ஓட்டினாத்தான் நகருமா... இதை முதல்லயே சொல்றதுக்கு என்னங்க.

நான் கையெழுத்துப் போட வேண்டிய சம்மதக் கடிதமா? ... நாலு மணிக்குள்ளயா? இல்லன்னா சீட் அடுத்தவங்களுக்கா... மணி இப்பவே மூணேகாலாச்சே... இல்ல, தொலையலங்க. தொலஞ்சிடுச்சுன்னு அவகிட்ட சொன்னேன். நேத்துலேர்ந்து வீட்டைக் கவுத்துப் போட்டுத் தேடினா, பாவம்... என் சட்டைப் பையிலதான் இருக்கு... தப்புதாங்க. ரொம்பத் தப்பு.

இதோ, கையெழுத்துப் போட்டாச்சு. அவ எங்க போனான்னுதான் தெரியல... என்னது? ... அங்கயா? உங்க மேஜைக்கு முன்னாடியா? ... புது ஃபார்ம் கேட்டு வந்தாளா... ஸ்பீக்கர்லயா போட்டிருக்கீங்க? எப்போலேர்ந்து? ...

முதல்லேர்ந்தேவா.

... என்ன சொல்றா? ... சிரிக்கிறாளா முறைக்கிறாளா, அதையாவது சொல்லுங்க... கடிகாரத்தைப் பாக்குறாளா...

கண்ணு, அங்கயே உக்காரு. அப்பா வண்டியை எடுக்கறேன். நான் வர்ற வரைக்கும் ஆபீஸ் கதவைச் சாத்த விடாத. வச்சிடறேன்.