கை தூக்கியதும் நின்ற வண்டி

மிசௌரி மாநிலம், டெல்வுட் கவுண்டி ஷெரிப் அலுவலகத்தில், கண்காட்சி மைதானத்தில் சனிக்கிழமை நடந்த விபத்து தொடர்பாகத் துப்பறியும் அதிகாரி ஓவர்ஸ்ட்ரீட் முன்னிலையில் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் நோவலீன் ஸ்டாக்ஸ்டில். வயது 47. கோல்டர் கிரீக் சாலையில் பழைய மர மில்லுக்கு எதிர்வீட்டில் குடியிருந்து வருகிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கோடை விடுமுறையில் ராய்ஸ் பிட்மன் என்பவர் ஊர் ஊராக நடத்தும் மான்ஸ்டர் டிரக் போட்டிகளில், அதாவது ராட்சத டயர் வண்டிகளைப் பழைய கார்கள் மேல் பாயவிடும் போட்டிகளில், ரிமோட் பிடிக்கும் வேலை பார்க்கிறேன். இறந்துபோன வெர்லின் ஸ்டாக்ஸ்டில் என் உடன்பிறந்த தம்பி. வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று அதிகாரி சொன்னார், வேண்டாம் என்றேன். யாரும் மிரட்டி நான் இதைச் சொல்லவில்லை. என்னை மிரட்டி யாரும் எதையும் சொல்ல வைத்ததில்லை என்பது ஊருக்கே தெரியும்.

வெர்லின் ஓட்டிய டிரக்கின் பெயர் பிளாக் மேபல். மேபல் எங்கள் அம்மாவின் பெயர். கோபம் வந்தால் அம்மா கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவார், அதனால் அந்தப் பெயரை வைத்தான். அதன் டயர் என் தலைக்கு மேலே நிற்கும். அப்படிப்பட்ட வண்டியை ஓட்டுகிறவர் உள்ளே மயங்கிவிட்டால் வெளியிலிருந்து ஒருவர் இன்ஜினை அணைத்தாக வேண்டும், அதற்குத்தான் ரிமோட். வண்டிக்குள் ஒரு டப்பா இருக்கும், நான் பட்டனை அழுத்தினால் அது இன்ஜினை நிறுத்திவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் அதைச் சோதித்துப் பார்ப்போம். அழுத்தியதும் இன்ஜின் நிற்க வேண்டும், நிற்காத வண்டியை உள்ளே விடமாட்டோம். அழுத்துவதற்கு முன் நான் கையைத் தூக்கிக் காட்டுவேன். ஹெல்மெட்டுக்குள் இருப்பவருக்கு ஒன்றும் காதில் விழாது, திடீரென்று இன்ஜின் நின்றால் திடுக்கிட்டுப் போவார் என்று மரியாதைக்காகத் தொடங்கினேன். பிறகு ரிமோட் பிடிக்கிற எல்லோருக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது.

சனிக்கிழமை மதிய ஆட்டத்துக்கு நான் மைதானத்துக்குப் போனபோது, கீழ்வரிசை இருக்கைகளுக்கு முன்னால் எப்போதும் கட்டியிருக்கும் கயிறு அவிழ்ந்து கிடந்தது. அந்த வரிசைகளில் ஆள் உட்காரக்கூடாது. கூட்டம் கொள்ளவில்லை என்பதால் ராய்ஸ்தான் அவிழ்க்கச் சொன்னதாகப் பிறகு தெரிந்துகொண்டேன். பச்சைத் தொப்பி போட்ட ஒருவர் அங்கே உட்கார்ந்து கார்ன் டாக் தின்றுகொண்டிருந்தார். "இங்கேர்ந்து நல்லாத் தெரியுமாம்மா?" என்று என்னிடம் கேட்டார். "இதவிட கிட்டப் போனா வண்டிக்குள்ளதான் உட்காரணும்" என்று சொன்னேன். அவர் சிரித்தார். அவர் பெயர் ஆர்லன் டீட்டர் என்று இப்போது அதிகாரி சொல்லித்தான் தெரிகிறது.

அதன் பிறகு மேபல் சோதனைக்கு வந்து நின்றது, நான் கையைத் தூக்கினேன், அந்த நேரம் பார்த்து மணிக்கட்டில் ஒரு குளவி உட்கார்ந்தது, அதை உதறியதில் நான் பட்டனை அழுத்தவில்லை. ஆனாலும் இன்ஜின் நின்றுவிட்டது. என் கட்டைவிரல் பட்டன் பக்கத்திலேயே இல்லை. எனக்கு விளங்குவதற்குள் வெர்லின் மறுபடி ஸ்டார்ட் செய்து உள்ளே போய்விட்டான். என் கையைப் பார்த்ததும் அவனே உள்ளிருந்து சுவிட்சை அணைத்திருக்கிறான். அந்த ஓட்டம் முழுக்க ரிமோட்டைக் கையில் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் ஆகவில்லை, அவன்தான் ஜெயித்தான், சனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அதன் பிறகு டிரெய்லருக்குப் பின்னால் அவனைப் பிடித்தேன். பன்றி இறைச்சி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

"டேய், டப்பாவ டைரக்ட் பண்ணிட்டியா?"

"மெதுவாப் பேசு அக்கா. ஆளுங்க இருக்காங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஜூன் மாசம் நீயும்தானே பாத்த? எவனோ வாக்கி டாக்கில கடலை போட்டது டப்பாவோட சிக்னல்ல குறுக்க வந்து, நான் மேல இருக்கும்போது இன்ஜின் செத்துப்போச்சு. மூக்குக் குத்தி விழுந்தேன். தோள்ல இன்னும் கம்பி இருக்கு."

"எனக்குத் தெரியாதா? ஸ்பூன்ல சூப் ஊட்டினவ நான்."

அவன் சொன்னதில் பொய்யில்லை. காற்றில் இருக்கும்போது வண்டியின் மூக்கை நிமிர்த்துவதற்கு ஆக்சிலேட்டரைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. அதனால் அவன் டப்பாவுக்கு வேலை இல்லாதபடி குறுக்கே ஒரு ஒயரைக் கொடுத்து நேரடியாக இணைத்திருந்தான். அதன்பின் என் ரிமோட்டுக்கு மேபல் கட்டுப்படாது. இரண்டு மாதமாக ஊர் ஊராக நான் கை தூக்கியதெல்லாம் கூத்து. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த சாண்ட்விச்சை அவன் முகத்திலேயே தேய்த்திருப்பேன்.

"உள்ள நீ மயங்கிட்டா யாருடா நிறுத்துவா?"

"நான் எப்ப மயங்கியிருக்கேன்?"

"முன்வரிசையில ஆள் உட்கார்ந்திருக்குடா. கயிற அவுத்துட்டான் ராய்ஸ்."

கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான். "போ அக்கா, டயர் பாக்கணும்" என்று மட்டும் சொன்னான். ஒயரை எடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு நான் ராய்ஸ் பிட்மனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொண்டார், மனதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இன்னும் ஒரே ஒரு ஷோ, நோவலீன். அடுத்த வாரம் மெக்கானிக்க வெச்சுப் பாத்துக்கலாம்."

"அப்ப நான் கை தூக்க மாட்டேன்."

"தூக்காத. டப் தூக்குவான். ரிமோட் பெட்டியக் கொடு."

டப் ஹாலர் என்பவர் தடம் போடும் புல்டோசரை ஓட்டுகிறவர், சொன்னதைச் செய்வார், ஏன் என்று கேட்கமாட்டார். வாயிலில் ஷெரிப் அலுவலக டெபுட்டிகள் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களிடம் போய்ச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சொன்னால் வெர்லினின் லைசென்ஸ் போய்விடும், அதுவும் என் வாயால் போய்விடும் என்று நினைத்தேன். சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. எனவே டிரெய்லருக்குள் போய், ரிமோட்டின் பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சதுர பேட்டரியை எடுத்து என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மூடியைப் பழையபடி மாட்டி, பெட்டியை டப்பிடம் கொடுத்தேன். அதன் சிவப்பு விளக்கு வசந்தகாலத்திலேயே போய்விட்டது, அதனால் அவருக்குத் தெரிய வழியில்லை. ரிமோட்டில் பேட்டரி இல்லாததற்குக் காரணம் நான்தான், டப் இல்லை. எந்த வண்டியைச் சோதித்தாலும் நிற்காது, ரிமோட் கெட்டுப்போய்விட்டது என்று ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்கள், வெர்லின் யாரிடமும் மாட்டிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிடுவான் என்பதுதான் என் கணக்கு. அவன் கைச் சுவிட்சை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவன் வண்டிதான் முதல் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

மாலை ஆட்டத்துக்கு வெயில் இருக்கும்போதே மேபல் வந்து நின்றது. நான் டிரெய்லர் ஓரமாக நின்றிருந்தேன். வெர்லின் என்னைத் தேடிப் பார்த்துவிட்டு, கையை வெளியே நீட்டி, இரண்டு விரலுக்கு நடுவில் எதையோ பிடித்து நக்கலாகக் காட்டினான். அதைக் கீழே போட்டுவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினான். என்னை மீறிப் போகிற திமிர் என்று நினைத்து முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். திரும்பவும் பார்த்தபோது டப் கையைத் தூக்கியிருந்தார். பட்டனை அழுத்தினார். மேபல் நின்றுவிட்டது. பேட்டரி இல்லாத பெட்டிக்கு அது நின்றது. டப் தலையாட்டினார், ராய்ஸ் கொடியசைக்கச் சொன்னார். நான் கத்தினேன். இன்ஜின் மறுபடி கிளம்பிவிட்டதால் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

அதன் பிறகு மேபல், அங்கே நசுக்கிப் போட்டிருந்த கார்களுக்கு மேலாகப் பாய்ந்தது, எப்போதையும்விட உயரமாகப் போய், பின்சக்கரத்தில் இறங்கி, முன்பக்கம் தரையில் அறைந்தது. வெர்லினின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியதைப் பார்த்தேன். இன்ஜின் சத்தம் குறையவில்லை, அவன் கால் ஆக்சிலேட்டரிலேயே இருந்திருக்க வேண்டும். வண்டி இடதுபுறமாக வளைந்து கீழ்வரிசைகளை நோக்கிப் போனது. டப் இரண்டு கட்டைவிரலாலும் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார். நான் பேட்டரியைக் கையில் எடுத்துக்கொண்டு அவரை நோக்கி ஓடினேன். டைரக்ட் பண்ணின வண்டிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று நினைத்துக்கொண்டேதான் ஓடினேன். பாதி தூரம்கூடப் போகவில்லை. மேபல் கான்கிரீட் தடுப்பின் மேல் ஏறி, வரிசைகளுக்குள் போய், அங்கே கவிழ்ந்தது. கவிழ்ந்த பிறகும் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பச்சைத் தொப்பி படிக்கட்டில் கிடந்தது.

வண்டியை வெட்டித்தான் வெர்லினை எடுத்தார்கள். என்னைக் கிட்டே விடவில்லை.

இதுவரை நான் சொல்லி முடித்ததும் அதிகாரி ஓவர்ஸ்ட்ரீட் மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்து, உள்ளே இருப்பது என்னவென்று தெரிகிறதா எனக் கேட்டார். ஒரு விரல் நீள மஞ்சள் ஒயர். இரண்டு முனையும் புதிதாக வெட்டப்பட்டுப் பளபளவென்று இருந்தன. மாலைச் சோதனையின்போது மேபல் நின்ற இடத்தில் தரையில் கிடந்ததாகச் சொன்னார். வண்டிக்குள் டப்பாவின் இணைப்பு சரியாக இருந்ததாகவும், பரிசோதித்தபோது வேலை செய்ததாகவும் சொன்னார். அந்த ஒயர் எங்கள் டிரெய்லரில் இருக்கும் சுருளிலிருந்து வெட்டியதுதான், எனக்குத் தெரியும். நான் ராய்ஸிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் அந்தக் குறுக்கு ஒயரை வண்டியிலிருந்து வெட்டி எடுத்திருக்கிறான். ஒயரை எடுத்த பிறகும் டப் கை தூக்கியபோது ஏன் சுவிட்சை அணைத்தான் என்று அதிகாரி கேட்டார். என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கை தூக்கினால் அணைப்பது இரண்டு மாதப் பழக்கம், அவன் விரல் தானாகப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அவன் அணைக்காமல் இருந்திருந்தால் வண்டி நின்றிருக்காது, உள்ளே விட்டிருக்கமாட்டார்கள். நான் பேட்டரியை எடுக்காமல் இருந்திருந்தால், அவன் மயங்கிய பிறகு டப் அழுத்தியதும் அது நின்றிருக்கும்.

அந்தப் பேட்டரியை இப்போது அதிகாரியிடம் ஒப்படைக்கிறேன். இன்று காலை எங்கள் வீட்டுப் புகை அலாரத்தில் போட்டுப் பார்த்தேன். வேலை செய்கிறது.

நான் சொன்னபடியே எழுதப்பட்டிருப்பதை அதிகாரி படித்துக் காட்டக் கேட்டேன். ஒரே ஒரு திருத்தம் கேட்டேன். வெர்லின் வண்டியிலிருந்து கையை நீட்டி எனக்குக் காட்டியது பற்றிச் சொன்ன இடத்தில் 'நக்கலாக' என்று இருப்பதை அடித்துவிட வேண்டும். அடித்த இடத்தில் என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி உண்மை.

(ஒப்பம்) நோவலீன் ஸ்டாக்ஸ்டில்