கச்சை நாடா

அகஸ்டா: இன்னும் இறுக்குடி.

தோரா: இதுக்கு மேலயா? அக்கா, கச்சையில இருக்குற திமிங்கில எலும்பு நொறுங்கிடும்!

அகஸ்டா: நொறுங்காது. முழங்காலை முதுகுல ஊணி இழு. ம்… இன்னும்…

தோரா: ஐயோ, முகமெல்லாம் செவந்துபோச்சு. நீ டென்னிஸ் ஆடப் போறியா, நடன விருந்துக்குப் போறியா?

அகஸ்டா: ரெண்டு வருஷமா சாம்பியன். மைதானத்துல இறங்குறப்போ இடுப்பு தெரிய வேண்டாமா?

தோரா: அடேயப்பா! அப்பா பிரசங்கம் பண்ற சர்ச்சுக்கே அவரோட பழைய கோட்டை மாட்டிக்கிட்டு வர்றவளுக்கு இன்னைக்குத்தான் இடுப்பு ஞாபகம் வந்துச்சாக்கும்.

அகஸ்டா: வாயை மூடிட்டுத் திரும்பு. உன்னுதைக் கட்டணும். இறுதி ஆட்டத்துல எதிராளிக்கு எதிராளியே நாடா கட்டிவிடுற கூத்து வேற எங்கயும் இருக்காது.

தோரா: என்ன பண்றது, அக்கா தங்கச்சியே மோதுறோம். முதுகுக்குக் கை எட்டலையே… ஸ்ஸ்… இறுக்கு. நல்லா இறுக்கு.

அகஸ்டா: நீயுமா? வேண்டாம்டி. ஒரு வாரமா தினம் ஒருத்தியை ஜெயிச்சு வந்திருக்க. நான் போன வருஷ சாம்பியன்னு நேரா இறுதி ஆட்டம்தான்; அதுவரைக்கும் குடை பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பார்த்துட்டிருந்தேன். உனக்கு மூச்சு தாங்காது.

தோரா: தாங்கும். இழு.

அகஸ்டா: உனக்குப் பயமா இல்லையா?

தோரா: உனக்கு இல்லையா? நாடாவை எத்தனை தரம் தவற விட்ட?

அகஸ்டா: பயமாத்தான் இருக்கு.

தோரா: எனக்கும். வெளியில அப்பாவைப் பாத்தியா? முன் வரிசையில உக்காந்து தொப்பியைக் கழட்டுறதும் போடுறதுமா இருக்காரு.

அகஸ்டா: ம்… பாத்தேன்.

தோரா: இன்னைக்கு ஜெயிச்சா மூணாவது தரம். கோப்பை உனக்கே சொந்தமாயிடும், இல்ல?

அகஸ்டா: ஆமா. யாரும் திருப்பிக் கேக்க முடியாது.

தோரா: அடுத்த மாசம் உனக்குக் கல்யாணம். அப்புறம் மட்டையையே தொடக் கூடாதுன்னு வில்ஃப்ரெட் அத்தான் வீட்டுல…

அகஸ்டா: தெரியும்டி, இதுதான் என் கடைசி ஆட்டம். அதை எதுக்கு இப்போ கெளப்புற?

தோரா: ஜெயிக்கணும்னு ஆசையே இல்லையா உனக்கு?

அகஸ்டா: ஆசை இல்லாமலா! தூக்கத்துலகூடப் பந்து அடிக்கிறேன்.

தோரா: அப்புறம் எதுக்கு இந்தக் கட்டு?

அகஸ்டா: உனக்கு எதுக்கு? முதல்ல நீ சொல்லு.

தோரா: அது வந்து…

அகஸ்டா: மணி அடிச்சுட்டாங்க. தொப்பியை எடு.

தோரா: நில்லுக்கா. கோவப்படாத… பாதி ஆட்டத்துல மூச்சு முட்டித் தோக்கணும்னுதானே இறுக்கச் சொன்ன?

அகஸ்டா: …வேற எப்படித் தோக்குறதுன்னு எனக்குத் தெரியலடி. பந்து வந்தா கை தானா அடிச்சுடுது.

தோரா: யாரு தோக்கச் சொன்னது?

அகஸ்டா: அப்பா. ரோஜாத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போய், “சின்னவ பாவம், ஒரு தரமாவது உன்னை ஜெயிக்கட்டும். அவகிட்ட மூச்சு விடாதே”ன்னாரு. ஏன்டி, சிரிக்கிறியா அழறியா?

தோரா: ரெண்டும்தான். என்னைச் சமையக்கட்டுப் பக்கம் கூப்பிட்டு, “அக்காவுக்குக் கடைசி ஆட்டம், விட்டுக்கொடுத்துடு. அவகிட்ட மூச்சு விடாதே”ன்னாரு!

அகஸ்டா: அட போதகரே! ஞாயித்துக்கிழமையானா பொய்யைப் பத்திப் பிரசங்கம் வேற… திரும்புடி. ரெண்டு நாடாவையும் தளர்த்துவோம். இன்னைக்கு நாம மூச்சு விட்டு ஆடுவோம். முன் வரிசையில அவருக்கு மூச்சு முட்டட்டும்!