மேல்மாடிக்குப் போன நகல்

ஹலோ... ஆமா, அக்காதான். கீழயிருந்துதான் பேசுறேன். மாடி ஏறி வந்து உன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலைடா... மெதுவா பேசு, அம்மா உள்ள கதவச் சாத்திட்டுப் படுத்திருக்காங்க.

என் லெட்டரைத் தொட்டியா?... எந்த லெட்டரா? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காத. வெளியூர் வேலைக்கு நான் என் கம்ப்யூட்டர்ல எழுதி வச்சது. 'வர்ற ஒண்ணாம் தேதி சேர்றேன்'னு எழுதினேன். இன்னைக்குத் திறந்தா 'ஆறு மாசம் கழிச்சு'ன்னு இருக்கு! அனுப்புறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை படிச்சதால தப்பிச்சேன்...

ஆமா... ஆமா ஆமா, பேக்கப் நான்தான் கேட்டேன். ஹார்ட் டிஸ்க் போனப்போ உக்காந்து அழுதவ நான்தானே. நீ என்ன சொன்ன? 'தினமும் மூணு மணிக்கு என் கம்ப்யூட்டர் தானா வந்து நகல் எடுத்துக்கும்கா. பாஸ்வேர்டு கேக்காம இருக்க ஒரு சாவி போட்டிருக்கேன். நகல் எடுக்க மட்டும்தான், வேற எதையும் தொடாது'ன்ன. 'மட்டும்'னு சொன்னியா இல்லையா?... சொன்னேல்ல? அப்போ நேத்து காலைல பதினோரு மணிக்கு அதே சாவியப் போட்டு உள்ள வந்தது யாரு? யார் எப்போ உள்ள வந்தாங்கன்னு என் கம்ப்யூட்டர் பதிவுல நேரத்தோட நிக்குதுடா!

...என் நல்லதுக்கா? வேலி பயிர மேஞ்சுட்டு, பயிரோட நல்லதுக்குத்தான்னு சொல்லுமா?... ஏழு வருஷமா அம்மாவோட மாத்திரை டப்பாவ நிரப்புறது யாரு? ஆஸ்பத்திரி வரிசைல நிக்கிறது யாரு? இருபது படி இறங்கி வந்து நீ ஒரு நாள் பாத்திருப்பியா? எனக்குச் சலிச்சுப் போச்சுடா... அம்மாகிட்ட நானே பக்குவமா சொல்லலாம்னு இருந்தேன்...

இரு. யாரு இருமுறது?... டிவியா? அது அம்மா இருமல்டா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?

...அம்மா. எப்போ மேல போனீங்க?... நகல்ல இருந்த என் லெட்டரை இவன் படிச்சுக் காட்டினானா?... என்னது? நீங்களா மாத்தச் சொன்னீங்க?... 'ஆறு மாசத்துக்கு மேல நான் எங்க இருக்கப் போறேன்'னா?... ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அடுத்த ரூம்லதானே இருந்தேன்...

ம்... ம்... அழாதீங்க. சாவிய அழிச்சுட்டேன். தேதியப் பழையபடி மாத்திட்டேன்... இல்லம்மா... அனுப்பிட்டேன். ஆமா, இப்பதான்.

...படில பாத்து இறங்குங்க. அவன் கையப் பிடிச்சுக்கங்க, இனிமே. வச்சிடுறேன்.