வல்லாரை உருண்டை

அலங்காநல்லூர் போகும், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு நாடகக்காரர்கள். ராஜபார்ட் நடிகர், ஞாபகசக்திக்குத் தின்னும் வல்லாரை லேகியத்துக்குக் கை நீட்டினார். அதை உருட்டிக் கொடுக்கும் ஆர்மோனியக்காரர் சிரித்தார்.

"இது உங்களுக்கு எதுக்குண்ணே? இம்புட்டு நாளா நான் உருட்டிக் குடுத்தது வெறும் புளியும் கருப்பட்டியும். வல்லாரையே கெடையாது."

"என்ன மாப்ள சொல்ற! அதத் தின்னுட்டுத்தான ஒரு வரி பிசகாமப் பாடுனேன்?"

"எல்லாம் உங்க மூளைதாண்ணே."

ராஜபார்ட்டுக்கு முகம் வெளிறிவிட்டது. முதல் பாட்டை முணுமுணுத்துப் பார்த்தார். இரண்டாவது அடி வரவில்லை. மறுபடி தொடங்கினார், அங்கேயே நின்றது.

"அடப்பாவி, இன்னைக்கு மேடை ஏறணுமேடா!"

"வெளையாட்டுக்குச் சொன்னேண்ணே. வல்லாரைதான், மீனாச்சி சத்தியமா!"

"பொய்ச் சத்தியம் பண்ணாத. அந்தப் புளியவே ரெண்டு உருண்டையாக் குடு."